ஐந்தாம் நாள் ஸ்லைடு

ஐந்தாம் நாள் காலையில் ஸ்மியர் குட்டையாக வந்தது.

கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் மிளகளவு ரத்தம். இன்னொரு ஸ்லைடை முப்பது, நாற்பது டிகிரி சாய்த்துப் பிடித்து, பின்னுக்கு இழுத்து அந்தத் துளியைத் தொட வேண்டும். தொட்டதும் ரத்தம் விளிம்பு நெடுக ஓடிப் பரவும். பரவிய கணமே ஒரே தள்ளு. நடுவில் நின்றால் கோடு விழும், அழுத்தினால் அணுக்கள் நசுங்கும். சரியாக வந்தால் ஸ்லைடில் ஒரு நாக்கு கிடக்கும்: அடியில் தடிப்பு, போகப் போக மெலிவு, நுனியில் கோழி இறகின் ஓரம் போல ஒரு பிசிறு. இதை முப்பது வருஷத்துக்கு மேல் செய்த கை என்னுடையது. பேசிக்கொண்டே போடுவேன், தூக்கக் கலக்கத்தில் போடுவேன். அன்றைக்கும் அதே அளவு துளி, அதே சாய்வு, அதே வேகம். படலம் பாதி வழியில் நின்றுவிட்டது. நுனி மெலியவே இல்லை.

கை நடுக்கமோ என்றால், முந்தின ராத்திரியே காய்ச்சல் இறங்கியிருந்தது. வேர்த்து, பசியெடுத்து, இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தேன். இரண்டாவது ஸ்லைடு போட்டேன். அதுவும் குட்டை.

இதற்கு முந்தைய நாலு நாளையும் சொன்னால்தான் அந்தக் குட்டை புரியும்.

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னலைத் திறந்தால் மலை. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் விளக்கோடு ஏறுவது தெரியும். அந்த ஜன்னலோரம் என் மைக்ராஸ்கோப் இருக்கிறது. ஒற்றைக் கண் குழாய், அடியில் கண்ணாடி. அம்பாலாவில் செய்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், மூடிவிட்ட ஒரு லேபிலிருந்து வாங்கினேன். மின்சார விளக்கு கிடையாது. வெயில் இருந்தால் ஜன்னல், இல்லாவிட்டால் கைபேசி டார்ச்சுக்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர்.

லேப் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் மேலே, ஏலக்காட்டு டிஸ்பென்சரி ஒன்றில் இருந்தேன். ஆனி, ஆடி மழையில் அங்கே லென்ஸுக்கே பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி கண்ணாடிக்குள் கிளை விட்டு ஓடும். ஒரு தடவை பிடித்தால் அந்த லென்ஸை மறந்துவிட வேண்டியதுதான். அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியும், பக்கத்தில் துணி முடிச்சில் வறுத்த அரிசி. சிலிக்கா ஜெல் தீர்ந்துபோனால் அரிசிதான். எனக்கு மைக்ராஸ்கோப்பைச் சொல்லிக்கொடுத்தவர் முதலில் கற்றுக்கொடுத்தது ரத்தம் பார்க்க அல்ல, அரிசி வறுக்க.

அந்த இரண்டு வருஷத்தில் பார்த்த ரத்தம் வெளுத்த ரத்தம். ஏலக்காய் எடுப்பவர்கள் தூரைச் சுற்றிக் குனிந்து, ஈர மண்ணிலேயே உட்கார்ந்து நகர்ந்து வேலை செய்வார்கள். அட்டைக்குப் பயந்து காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற எதிரி அட்டை. தெரியாதது கொக்கிப்புழு. அதன் குஞ்சு வெறும் பாதத்தின் தோல் வழியாகவே ஏறி, நுரையீரல் சுற்றி, குடலில் போய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவெல்லாம் வெளிறி, விளிம்பில் மட்டும் நிறம் ஒட்டிய வளையலாகக் கிடக்கும். இடையிடையே இயோசினோபில்: கேசரி நிறத்து ரவையை வாய் நிறைய அள்ளிவைத்த அணு. நம் ஊரில் ‘இஸ்னோபீலியா’ என்ற சொல் தெரியாத பாட்டி கிடையாது. நுரையீரலைப் பிடிக்கும் வகையை 1940-ல் எழுதிவைத்தவர்கள் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும். காசநோய் போலவே இருமுகிறார்கள், காசநோய் இல்லை, ரத்தத்தில் இந்த அணு மட்டும் குவிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது யானைக்கால் புழு என்பது பிற்பாடுதான் தெளிந்தது.

வெளுத்த ரத்தம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடம் உண்டு. அது தண்ணீராக ஓடும். வழக்கமான சாய்வில் தள்ளினால் படலம் ஸ்லைடைத் தாண்டிப் போய்விடும். தள்ளும் ஸ்லைடை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கெட்டி ரத்தத்துக்கு நேர்மாறு, படுக்க வைக்க வேண்டும். இது பரீட்சைக்கு எழுதிய விஷயம்தான். ஆனால் கொஞ்ச நாளில் எழுத்து மறந்துபோய் மணிக்கட்டு மட்டும் தானாகத் திரும்பும். துளி விளிம்பில் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தே கை சாய்வை மாற்றிக்கொள்ளும்.

2017-ஆம் வருஷம், ஐப்பசி மழை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளிர் வந்து போர்த்திக்கொண்டு படுத்தேன். திங்கள் காலையில் விரலைக் குத்தினேன்.

மலேரியாவைத்தான் தேடினேன். அது என் தலைமுறை லேப்காரனின் பழக்கம். என் சின்ன வயதில் ‘மலேரியாக்காரர்’ என்றால் வீடு வீடாக வந்து, காய்ச்சல் உண்டா என்று கேட்டு, விரலில் குத்தி ஸ்லைடு எடுத்து, கசப்பு மாத்திரை கொடுத்துவிட்டுச் சுவரில் கட்டம் போட்டுத் தேதி எழுதிவிட்டுப் போகிறவர். 1953-ல் தொடங்கிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1958-ல் ஒழிப்புத் திட்டம் ஆனது. அறுபதுகளில் நோய் ஏறக்குறைய ஒழிந்தது என்று நினைத்திருக்க, 1976-ல் நாடு முழுக்க 64 லட்சம் பேருக்கு மேல் திரும்பி வந்தது. நான் வேலைக்கு வந்தது அந்த அலையின் வாலில். தண்ணீரில் கரைகிற ஜே.எஸ்.பி. ஸ்டெயின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. 1944-ல், போர்க்காலத்தில், ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் டில்லி மலேரியா இன்ஸ்டிட்யூட்டில் உருவாக்கியது. ஒரு நாளைக்கு அறுபது ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் லென்ஸில் தெரியும் வட்டம் நூறு. இப்போதும் கண்ணை மூடினால் வைவாக்ஸ் மோதிரம் தெரியும்.

இந்தப் பக்கத்துக்கு மலைக் காய்ச்சல் புதிதில்லை. எங்கள் ஜில்லாவில் பென்னிகுயிக் படம் இல்லாத டீக்கடையைத் தேட வேண்டும். அவர் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய 1887 முதல் 1895 வரைக்கும் காலராவும் மலேரியாவும் காட்டுக்குள் ஆட்களை வாரிக்கொண்டு போயின. மலேரியாக் கிருமியை அல்ஜீரியாவில் லாவரான் 1880-லேயே ரத்தத்தில் பார்த்துவிட்டார். ஆனால் அதை ஏற்றுவது கொசு என்று செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் கண்டுகொண்டது 1897 ஆகஸ்ட் 20. அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. காட்டில் செத்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் தங்களைக் கடித்தது எது என்று தெரியாது. 1897-ன் முற்பாதியில் ராஸே நீலகிரி அடிவாரத்துச் சிகூரில் மலேரியாவில் விழுந்தார். வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்து, கண் வைக்கும் லென்ஸ் விரிசல் விட்ட நிலையில் அவர் கொசு வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், என் டிரேசிங் பேப்பர் விளக்கைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன்.

தன் ரத்தத்தைத் தானே எடுப்பது பிறருக்கு எடுப்பதைவிடக் கஷ்டம். இடது கை மோதிர விரல். நுனியில் குத்தக் கூடாது, பக்கவாட்டுச் சதையில் குத்த வேண்டும். ஸ்பிரிட் நன்றாகக் காய வேண்டும். ஊசி இறங்கும் நொடியில் விரல் தானாகப் பின்வாங்கும். அரைகுறையாகக் குத்திவிட்டு ரத்தம் வராமல் விரலைப் பிதுக்குவோம். பிதுக்கினால் சதை நீர் கலந்துவிடும். முதல் துளியைத் துடைத்து இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் இத்தனையும். திங்களன்று இரண்டு லான்செட் வீணாகி, மூன்றாவதைப் போட என் மனைவிதான் வந்தாள். “ஏங்க, ஊருக்கெல்லாம் குத்துனீங்களே, இப்ப மட்டும் என்ன?” என்றாள். குத்திய ஊசிகள் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிய டப்பாவுக்குள் போனதையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

ஸ்டெயின் லீஷ்மன். பத்துத் துளி ஊற்றி இரண்டு நிமிஷம், பிறகு அதன் இரண்டு பங்கு தண்ணீர், எட்டு நிமிஷம். மேலே மயில் கழுத்து மினுக்கம் மிதக்க ஆரம்பித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். எந்தத் தண்ணீர் என்பதில்தான் சூட்சுமம். குழாய்த் தண்ணீரில் காரம் கூடினால் எல்லாம் நீலமாகிவிடும். புளிப்பு கூடினால் எல்லாம் சிவப்பு. லேபில் 6.8 பஃபர் மாத்திரை கரைத்து வைப்போம். வீட்டில் பெட்ரோல் பங்க்கில் விற்கிற பேட்டரி தண்ணீரில் அந்த மாத்திரையைப் போட்டேன். கழுவும்போது ஸ்டெயினைக் கவிழ்த்து ஊற்றக் கூடாது. மேலே மிதக்கிற அழுக்கு அப்படியே படலத்தில் படியும். தண்ணீரை விட்டு மிதக்கவிட்டே வெளியேற்ற வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். என் காய்ச்சலில் நான் கவிழ்த்துத்தான் ஊற்றினேன். அதன் கூலி பிறகு கிடைத்தது.

கண்ணுக்குப் பின்னால் வலித்தது. விழியை உருட்டினால் யாரோ உள்ளேயிருந்து நூல் கட்டி இழுப்பதுபோல. ஒற்றைக் குழாய் மைக்ராஸ்கோப்பில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றைச் சுருக்கினால் பத்து நிமிஷத்தில் தலைவலி. அன்றைக்கு இரண்டையும் திறக்க முடியவில்லை. இருநூறு வட்டம் தேடினேன். மோதிர வடிவ மலேரியாக் கிருமி இல்லை, வாழைப்பழ வடிவமும் இல்லை. ஒரு ஸ்லைடில் இல்லை என்றால் மலேரியா இல்லை என்று ஆகாது, மறுநாளும் பார்க்க வேண்டும். மறுநாள் பார்த்தபோதுதான் லிம்ஃபோசைட்டுகள் கண்ணில் பட்டன. சாதாரணமாக அடக்கமாக, உருண்டையாக, ஒரு ஓரம் மட்டும் இள நீலமாக இருப்பவை. அன்றைக்குப் பெருத்து, கருநீலச் சேலை முந்தானையை விரித்து, பக்கத்துச் சிவப்பணுக்களை அணைத்துக்கொண்டு கிடந்தன. டெங்குவாக இருக்கலாம் என்று அப்போது மனசில் விழுந்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. தெருமுனையில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லேபுக்கு ரத்தம் கொடுத்தனுப்பினேன். டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை பாசிட்டிவ்.

அப்புறம் ஆரம்பித்தது எண்ணுவது.

டெங்கு என்றால் நம் ஊரில் ஒரே கேள்விதான்: “கவுண்ட் எத்தனை?” ஜீப் ஓட்டும் மச்சான் மகன் வாசலில் நின்று கேட்டான், “மாமா, கவுண்டு எவ்வளவு?” பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாற்றோடு வந்து அதையே கேட்டார். ஆயில் லென்ஸ் போட்டு, அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் ஏறாமலும் கிடக்கிற இடத்தில் பத்து வட்டத்தில் தட்டணுக்களை எண்ணி, சராசரியை 15,000-ஆல் பெருக்கினால் உத்தேசக் கணக்கு வரும். மூன்றாம் நாள் காலையில் பத்து வட்டத்தில் வெறும் 19. பெருக்கிப் பார்த்தேன், 28,500. உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. மனைவியைக் கூப்பிடவும் வாய் வரவில்லை. பிறகு ஏதோ தோன்றி ஸ்லைடை நுனிக்கு நகர்த்தினேன். அங்கே தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகத் தேங்கிக் கிடந்தன, ஆற்றில் அடித்து வந்த சருகு கரையில் ஒதுங்குவதுபோல. விரலிலிருந்து நேராக எடுத்த ரத்தத்தில் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தள்ளும்போது ஓரத்துக்குப் போய்விடும். இதைப் புதிதாக வந்த பையன்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருவேன். வேகமாக இன்னொரு ஸ்லைடு போட்டு எண்ணினேன். 62. அதாவது 93,000.

நாலாம் நாள் 41 வந்தது. 61,500. பயந்த அளவுக்கு இறங்கவில்லை என்று ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

என் மனைவி இருபது வருஷம் ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரித்தவள். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது தனி, 7-ல் நிற்பது தனி, வெடித்தது, கருத்தது, பொக்கு எல்லாம் தனித்தனி. அவள் காயைப் பார்ப்பதே இல்லை, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே பிரிப்பாள். பொக்கு காய் விரலில் படும்போதே எடை தெரிந்துவிடும் என்பாள். அவளிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவள் தன் விரலில் குத்தி ஒரு துளி கொடுத்தாள். அவளுடையது ஒன்று, என் மூன்றாம் நாள் ஒன்று, நாலாம் நாள் ஒன்று. மூன்றிலும் பெயர் எழுதிய ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, மறைவாகக் கலைத்துப்போட்டுக் கொடுத்தாள். எது யாருடையது என்று தெரியாமல் எண்ணினேன். ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் மூன்றாம் நாள் கணக்கில் பெரிய மாற்றமில்லை, நாலாம் நாள் 41 இல்லை, 33. மீதி எட்டு, நான் கவிழ்த்து ஊற்றிய ஸ்டெயினின் கசடு. தட்டணு போலவே ஊதாப் புள்ளி. என் ரத்தம் என்று தெரிந்தபோது அந்தப் புள்ளிகளுக்கெல்லாம் நான் உயிர் கொடுத்துவிட்டேன்.

மைக்ராஸ்கோப்பில் தன் ரத்தத்தைத் தானே பார்த்தவர்களில் மூத்தவர் டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வியாபாரி லீவன்ஹுக். துணியின் இழையை எண்ண லென்ஸ் பிடித்த ஆள். 1674-ல் தன் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் சிவந்த உருண்டைகளைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஒரு மணல் துகளை 25,000 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு என்று கணக்கும் போட்டார். 1681-ல் பேதி கண்டபோது தன் மலத்தையே வைத்துப் பார்த்தார். தான் கடுமையாக நோயுற்றபோது ரத்த உருண்டைகள் விறைப்பாக இருந்ததாகவும், தேறத் தேற அவை இளகி வளைந்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். சில நோய்களில் சிவப்பணு விறைப்பது உண்மைதான், மலேரியா புகுந்த அணு அப்படித்தான் ஆகும். ஆனாலும் அந்த வரியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவருக்கு ஸ்டிக்கர் ஒட்டித்தர ஆள் இருந்ததா? படுக்கையில் விறைத்துக் கிடந்தவர் கண்டது ரத்தத்தின் விறைப்பா, தன் முதுகின் விறைப்பா?

ஐந்தாம் நாளுக்கு வருகிறேன். இரண்டு குட்டை ஸ்லைடுகளையும் மேஜையில் வைத்துவிட்டு, வழக்கம்போல ஸ்டெயின் புட்டியைத் திறந்தேன். உடம்பு லேசாக இருந்தது. வயிற்றில் மட்டும் ஒரு கனம், வலது விலாவுக்குக் கீழே. இரண்டு இட்லியின் கனம் என்று நினைத்தேன். மூன்றாவது ஸ்லைடை எடுத்தேன். துளி விளிம்பில் ஓடும் வேகத்தைக் கை கவனித்துக்கொண்டிருந்தது போல. நான் நினைக்காமலே மணிக்கட்டு படுத்தது. முப்பதுக்கும் கீழே. கெட்டி ரத்தத்துக்குப் படுக்கிற சாய்வு. அந்தப் படலம் ஓரளவு நீளமாக வந்தது.

மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரத்தம் கெட்டியாகியிருக்கிறது.

டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தட்டணு குறைவதல்ல. காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில் ரத்தக் குழாயின் சுவர் கசிய ஆரம்பிக்கும். நீர் வயிற்றுக்கும் நெஞ்சுக் கூட்டுக்கும் போய்விடும், அணுக்கள் மட்டும் குழாய்க்குள் தங்கும். குழம்பு வற்றுவதுபோல ரத்தம் வற்றும். வயிற்று வலி, வாந்தி, திடீர்ச் சோர்வு எல்லாம் அப்போதுதான். ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விடுகிற நேரம். பி.சி.வி. என்கிற அடர்த்திக் கணக்கு பழைய நிலையைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் எச்சரிக்கை. இதைப் பார்க்கச் சுழலும் மெஷின் வேண்டும். என்னிடம் இல்லை. நான் இரண்டு நாளாக எண்ணிக்கொண்டிருந்தது ஊர் கேட்ட கேள்விக்கான பதில்.

ஸ்டெயின் புட்டியை மூடினேன். “சட்டையை எடு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றேன். “கவுண்ட் இறங்கிருச்சா?” என்றாள். “எண்ணல” என்றேன். அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

சித்திரையில் எடுத்த முழு உடல் பரிசோதனையில் என் பி.சி.வி. 42. அன்றைக்கு 51. மெஷின் தட்டணுக் கணக்கு 29,000. டியூட்டி டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்துவிட்டு, நீர் இருக்கிறது என்றார். சலைன் ஓடியது. மணிக்கணக்கு வைத்து அளந்து ஏற்றினார்கள், ஒரேயடியாக ஏற்றவில்லை. அளவுக்கு மேல் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும். தட்டணு ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பி.சி.வி. 41-க்கு இறங்கி, சிறுநீர் நிறைய வந்து, கால் முழுக்க அரிப்பெடுத்தது. அரிப்பு நல்லது என்றார் நர்ஸ்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஒரு ஸ்மியர் போட்டேன். ஸ்லைடின் முக்கால் தூரம் ஓடி, நுனியில் இறகு விட்டு நின்றது. ஸ்டெயின் போடவில்லை. அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினேன். பக்கத்தில் மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள் ஸ்லைடுகளையும் வரிசையாக வைத்தேன். மனைவி காபியோடு வந்து நின்று பார்த்தாள். இதுவரை அவள் அந்தக் குழாய்க்குள் கண் வைத்ததே இல்லை. வெறும் கண்ணால் பார்த்துவிட்டு நாலாம் நாள் ஸ்லைடைத் தொட்டாள்.

“இதுவே சின்னதாத்தானே இருக்கு?”

ஸ்கேலை எடுத்து அளந்தேன். மூன்றாம் நாள் 34 மில்லிமீட்டர். நாலாம் நாள் 29. ஐந்தாம் நாள் 21. நாலாம் நாள் அதே ஸ்லைடைத்தான் ஸ்டிக்கர் ஒட்டி, கலைத்து, கண் வலிக்க வலிக்க ஒரு மணி நேரம் எண்ணியிருக்கிறோம்.

“கிட்டங்கியில மொதல்ல சல்லடைதாங்க போடுவோம்” என்று சொல்லிவிட்டு அவள் காபி டம்ளரை மேஜையில், ஸ்லைடுகளுக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.